வாழையை மலடாக்கியதும் கரும்பை வளர்த்ததும் ஒன்றுதான்

திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் முதுகலைத் தாவரவியல் படிக்கிறவர் கேட்டிருக்கிறார்: "குரோமோசோம் மூன்று மடங்காக இருப்பதால்தான் வாழை மலடு என்று ஒரு பாடத்தில் வருகிறது. குரோமோசோம் மடங்கு கூடுவதுதான் தாவரப் பரிணாமத்தின் பெரிய உந்துவிசை என்று இன்னொரு பாடத்தில் வருகிறது. விதையையே இல்லாமல் செய்கிற ஒன்று எப்படிப் புது இனத்தை உண்டாக்கும்? குறையாத கேமீட் என்பது பிழையா, இல்லை இயற்கையின் வழியா?"

இரண்டு பாடமும் சரிதான். மலடும் புது இனமும் ஒரே நிகழ்ச்சியிலிருந்து பிறக்கின்றன. கேமீட் என்கிற இனச்செல், அதாவது மகரந்தமோ முட்டையோ, தன் குரோமோசோம்களைப் பாதியாக்கிக்கொள்ளாமல் முழுசாகவே கொண்டுவந்துவிடுவதுதான் அந்த நிகழ்ச்சி. அதற்கப்புறம் மடங்கு ஒற்றைப்படையாக நின்றால் மலடு, இரட்டைப்படைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் வளமை. ஒற்றையில் மாட்டிக்கொண்ட செடி இரட்டைக்குப் போகும்வரை சாகாமல் இருக்க வேண்டுமே, அதற்கு என்ன வழி என்பதில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. அதைப் பார்க்க நம் டெல்டாவைவிட வசதியான இடம் இல்லை.

பொங்கலன்று வாசலில் என்ன வைக்கிறோம்? கரும்பு, வாழை, மஞ்சள் கொத்து. பானைக்குள் அரிசி. இதில் அரிசி தரும் நெல் ஒன்றுதான் இருமடியம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டு, மொத்தம் 24 குரோமோசோம். மற்ற மூன்றும் பன்மடியங்கள், தொகுதி இரண்டுக்கு மேல். மஞ்சளில் 63, அது தொகுதி மூன்றுள்ள மும்மடியம். நாம் பயிரிடும் வாழைகளில் பெரும்பாலானவை 33, அதுவும் மும்மடியம். இன்று ஆலைக்குப் போகும் கரும்பு 100-க்கு மேல். இன்னொன்றையும் கவனியுங்கள். நெல்லை விதைத்து நாற்று விடுகிறோம். கரும்புக்குக் கரணை, வாழைக்குப் பக்கக்கன்று, மஞ்சளுக்குக் கிழங்கு. விதை வழியாக வரும் பயிர் இருமடியமாகவும், உடம்பிலிருந்தே பெருகும் மூன்றும் பன்மடியமாகவும் இருப்பது முழுக்கத் தற்செயல் இல்லை. உடம்பிலிருந்து பெருகும் இருமடியங்களும் உண்டு, இஞ்சி அப்படித்தான். ஆனால் தன் விதையை மட்டுமே நம்பி வாழும் ஒரு மும்மடியப் பயிரைக் காட்டுங்கள் பார்ப்போம், கிடைக்காது.

மகரந்தமும் முட்டையும் உருவாகும்போது நடக்கும் செல் பிரிவான குன்றல் பகுப்பில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அம்மா வழி வந்த குரோமோசோமும் அப்பா வழி வந்த குரோமோசோமும் இணை சேர்ந்து, பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பிரியும். கோலாட்டத்தில் இருவர் இருவராக நின்றால் ஆட்டம் ஓடும், மூவர் மூவராக நிறுத்தினால் அடி தப்பிக்கொண்டே இருக்கும். மும்மடியத்தின் நிலை அதுதான். 11 வகைக் குரோமோசோம், வகைக்கு மூன்று. ஒவ்வொரு மூன்றிலும் ஒன்று இந்தப் பக்கமும் இரண்டு அந்தப் பக்கமும் இழுபடும், எது எங்கே போகும் என்று ஒழுங்கே கிடையாது. கிடைக்கும் கேமீட்டுகளில் ஒரு குரோமோசோம் கூடியிருக்கும், இன்னொன்று குறைந்திருக்கும். கணக்குச் சரியாக அமைந்து உயிரோடு தேறுவது மிகச் சொற்பம்.

ஆனாலும் "மும்மடியம், அதனால் விதையில்லை" என்று பாடம் சொல்வது பாதிதான். கன்னியாகுமரி மாவட்டத்து மட்டி வாழை இருமடியம். ஏலக்கி என்று சொல்கிற நெய்ப்பூவனும் இருமடியம். இரண்டிலும் நாம் விதையைக் கடிப்பதில்லை. வாழையில் இரண்டு தனித்தனிக் குணங்கள் சேர்ந்திருக்கின்றன. கருவுறாமலேயே காய் பருத்துச் சதைப்பிடிப்பது ஒன்று, மலட்டுத்தன்மை இன்னொன்று. முதல் குணம் இல்லாவிட்டால் மும்மடியமாக இருந்தும் பயனில்லை, காய் சூம்பிப்போகும். மலட்டுத்தன்மை மும்மடியத்திலிருந்து மட்டும் வருவதில்லை. வெவ்வேறு பகுதிகளின் காட்டு வாழைகள் கலந்தபோது குரோமோசோம் அமைப்பிலேயே பொருத்தமின்மை வந்துவிட்டது. மும்மடியம் அந்த மலட்டுத்தன்மையை இன்னும் இறுக்கிப் பூட்டியது என்று சொல்வதே சரி. ஒரு ரஸ்தாளியை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுவில் வரிசையாகக் கரும்புள்ளிகள் தெரியும். விதையாக வேண்டிய சூல்கள்தான் அப்படி நின்றுபோயிருக்கின்றன.

அந்த மூன்றாவது தொகுதி எங்கிருந்து வந்தது? மூசா அக்யூமினேட்டா என்ற காட்டு வாழையின் தொகுதியை ஏ என்றும், மூசா பால்பிசியானா என்பதன் தொகுதியை பி என்றும் குறிப்பது வழக்கம். 1955-இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் 15 புறத்தோற்றக் குணங்களுக்கு மதிப்பெண் போட்டு இந்தப் பகுப்பை உருவாக்கினார்கள். பச்சைப்பழம் ஏஏஏ, செவ்வாழையும் அதே. பூவன், ரஸ்தாளி, பச்சைநாடான், நேந்திரன் எல்லாம் ஏஏபி. மொந்தனும் கற்பூரவல்லியும் ஏபிபி. ஆக திருவையாற்றிலிருந்து கல்லணை வரை ஆற்றோரமாக நிற்கும் தோப்புகளில் பாதிக்கு மேல் இரண்டு இனங்கள் கலந்த பிள்ளைகள். ஏஏஏ வகைகள் எப்படி உண்டாயின என்பதை மரபணுத் தடயங்களை வைத்து ஓரளவு தெளிவாகவே சொல்ல முடிகிறது. உண்ணத் தகுந்த ஓர் இருமடிய வாழை தன் 22 குரோமோசோமையும் பாதியாக்காமல் ஒரு கேமீட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறது. இன்னொரு வாழை வழக்கம்போல 11 கொடுத்திருக்கிறது. கேவண்டிஷ், குரோஸ் மிஷேல் என்ற உலகப் புகழ்பெற்ற இரண்டு வகைகளுக்கும் அந்த 22-ஐக் கொடுத்த முன்னோர் கிட்டத்தட்ட ஒன்றே என்று தெரிகிறது. வண்டி வண்டியாக இறங்கும் பச்சைப்பழத் தார்களும் அந்த வழியில் வந்தவைதான்.

இனி அந்தப் பாதியாகாமை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். குன்றல் பகுப்பில் பிரிவு இரண்டு முறை நடக்கும். முதல் பிரிவு தவறினால் அம்மா, அப்பா இரண்டு வழிக் குரோமோசோமும் ஒரே கேமீட்டில் தங்கிவிடும். தாய்ச்செடியின் கலப்புத்தன்மை பெரும்பகுதி அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகும். இரண்டாம் பிரிவு தவறினால் ஒரே குரோமோசோமின் இரு நகல்கள்தான் சேர்ந்திருக்கும், கலப்புத்தன்மை நிறையவே போய்விடும். எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான், பலன் வேறு. புது ரகம் உருவாக்குபவருக்கு முதல் வகைதான் தங்கம். உருளைக்கிழங்கில் இது மிக அழகாகப் புரிந்தது. இரண்டாம் பிரிவில் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்க வேண்டிய இரு கதிர்க்கோல்கள் (குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் இழைக்கட்டுகள்), ஒரு மரபணுக் கோளாறால் பக்கம் பக்கமாகப் படுத்துவிடும். நான்கு மூலைக்குப் போக வேண்டிய குரோமோசோம்கள் இரண்டு மூலையில் சேர்ந்துவிடும், பலன் முதல் பிரிவு தவறியதற்குச் சமம். உங்கள் ஆய்வகத்திலேயே இதைத் தேடலாம். இளம் மகரந்தப்பையை அசிட்டோகார்மைன் சாயத்தில் நசுக்கிப் பாருங்கள். வழக்கமாக மகரந்தமாகப் போகும் நுண்வித்துகள் நான்கு நான்காக ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கங்கே இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றும் சற்றுப் பெரிதாக இருந்தால், அதுதான் குறையாத கேமீட் பிறக்கும் இடம்.

எவ்வளவு அடிக்கடி நடக்கும்? ராம்சே, ஷெம்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998-இல் அதுவரை வெளியான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சாதாரணச் செடிகளில் குறையாத கேமீட் சராசரி 0.56 சதவீதம். இனம் விட்டு இனம் கலந்த செடிகளில் 27.52 சதவீதம். கிட்டத்தட்ட 50 மடங்கு வித்தியாசம். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் ஒரு மாணவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் இதுதான். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கலப்புச் செடியில் குரோமோசோம்களுக்கு இணை கிடைப்பதில்லை. இணை இல்லாததால் பகுப்பு தடுமாறுகிறது, தடுமாறுவதால் முழுத் தொகுதியும் ஒரே கேமீட்டில் போய்விடுகிறது. அப்படிப் போன இரண்டு சேர்ந்தால் பிறக்கும் செடியில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இணை கிடைத்துவிடும். மலட்டுத்தன்மைக்கு மருந்து அந்த மலட்டுத்தன்மைக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது.

சாதாரணச் செடியிலும் இது அவ்வளவு அரிதில்லை. ஆணிலும் பெண்ணிலும் 0.5 சதவீதம் என்று வைத்தால், இரண்டும் சந்திக்கும் வாய்ப்பு 40,000-இல் ஒன்று. ஏக்கருக்கு 2 டன் நெல் விளைந்து, ஆயிரம் மணி 20 கிராம் என்றால், ஒரு ஏக்கரில் 10 கோடி நெல்மணி. ஒரு பேச்சுக்கு அதே விகிதத்தை நெல்லுக்கும் பொருத்தினால் ஏக்கருக்கு 2,500 நான்மடிய மணிகள்! நடைமுறையில் அப்படி நடப்பதில்லை, பல தடைகள் உண்டு. ஆனால் இயற்கை எவ்வளவு பெரிய எண்ணிக்கையில் சீட்டுக் குலுக்குகிறது என்பது புரியும். தட்பவெப்பமும் இதில் கை வைக்கிறது. ரோஜாவில் சில நாள் கடும் வெப்பம் பட்டாலே குறையாத மகரந்தம் கூடுகிறது, வேறு சில செடிகளில் குளிர் அதைச் செய்கிறது. செடி நெருக்கடியில் இருக்கும்போது பகுப்பு தவறுவது கூடுகிறது என்பதில் ஐயமில்லை.

இந்த இடத்தில் பாடப்புத்தகங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பன்மடியம் என்றதும் கால்ச்சிசினைத்தான் முதலில் சொல்லுகின்றன. நம் மாநிலப் பூவான செங்காந்தளில் இருக்கிற அதே நச்சுப்பொருள்தான். கதிர்க்கோல் உருவாவதைத் தடுத்துக் குரோமோசோமை இரட்டிப்பாக்கும் என்று 1937-இல் பிளேக்ஸ்லியும் ஏவரியும் காட்டினார்கள். மனிதருக்கு அருமையான கருவி, மறுக்கவில்லை. ஆனால் அதையே படித்துவிட்டு, இயற்கையிலும் வளரும் திசுவில் ஏதோ ஒரு செல் இரட்டிப்பாகித்தான் பன்மடியம் வந்தது என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இயற்கையின் ராஜபாட்டை குறையாத கேமீட்தான். திசுவில் இரட்டிப்பது எப்போதாவது நடக்கிற சந்துவழி.

இப்போது கரும்புக்கு வாருங்கள். கொள்ளிடக் கரையிலும் மணல்திட்டிலும் வெள்ளைக் கதிர் ஆட நிற்கிற நாணலைப் பார்த்திருப்பீர்கள். சக்காரம் ஸ்பான்டேனியம் என்பது அதன் பெயர். இனிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளத்தில் மூழ்கினாலும், கோடையில் காய்ந்தாலும், நோய் வந்தாலும் சாகாது. தித்திக்கும் கரும்பு சக்காரம் அஃபிசினேரம், 80 குரோமோசோம், எண்மடியம். சாறு நிறைய, தாங்கும் சக்தி குறைவு. 1912-இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் இந்த இரண்டையும் இணைத்தார்கள். தாய் 'வெள்ளை' என்ற நம் ஊர்க் கரும்பு, தந்தை கோயம்புத்தூர் நாணல். பிறந்தது கோ 205. 1918-இல் வெளியாகி வட இந்தியாவின் கரும்புச் சாகுபடியையே மாற்றியது.

அதன் குரோமோசோம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கோயம்புத்தூர் நாணலில் 64, அதில் பாதி 32. வெள்ளையில் 80, பாதி 40. சேர்ந்தால் 72 வர வேண்டும். கோ 205-இல் இருப்பது 112. அதாவது 80-உம் 32-உம். தாய் தன் பங்கைப் பாதியாக்காமல் முழுசாகக் கொடுத்துவிட்டது! இது ஒரு முறை நடந்த விபத்து இல்லை, இந்தக் கலப்பில் கிட்டத்தட்ட வழக்கமே இதுதான் என்று ஜாவாவில் பணியாற்றிய டச்சு ஆய்வாளர் பிரெமர் 1920-களில் காட்டினார். பிறந்த கலப்பை மறுபடி இனிப்புக் கரும்புத் தாயோடு சேர்த்தாலும், தாய் 80, பிள்ளை வழிப் பாதி 56, மொத்தம் 136 என்று வரும். இதனால் புது ரகம் உருவாக்குபவருக்குப் பெரிய ஆதாயம். ஒரே கலப்பில் இனிப்புப் பக்கத்தின் பங்கு மேலோங்கிவிடுகிறது, நாணலிடமிருந்து தாங்கும் சக்தி மட்டும் போதுமான அளவு வந்து சேர்கிறது. இரண்டு தலைமுறை வேலை ஒரே தலைமுறையில் முடிந்தது. நாணலைத் தாயாக வைத்துத் திருப்பிக் கலந்தால் இந்த வித்தை நடப்பதில்லை. இன்று தமிழ்நாட்டில் எங்கும் காணும் கோ 86032 உட்பட நவீனக் கரும்பு எல்லாமே இந்தப் பரம்பரைதான். அதே கோயம்புத்தூர் நிலையத்தில்தான் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாளும் கரும்பின் குரோமோசோம்களை எண்ணினார். பின்னாளில், 1945-இல், டார்லிங்டன் என்ற குரோமோசோம் ஆய்வாளரோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்தவர் அவர். இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொரு மாணவரும் அவர் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, குறையாத கேமீட் வந்துவிட்டது. உடனே புது இனம் வந்துவிடுமா? வராது. முதல் தடை விதைக்குள்ளேயே இருக்கிறது. நெல் இருமடியம் என்றேன், ஆனால் நாம் உண்ணும் அரிசி மும்மடியத் திசு. கருவுக்கு உணவாகும் அந்த வெண்மையான முளைசூழ்தசையில் 36 குரோமோசோம், தாய்ப் பங்கு இரண்டு, தந்தைப் பங்கு ஒன்று. கரு வளர இந்த 2:1 விகிதம் முக்கியம். மகரந்தம் மட்டும் குறையாமல் வந்தால் விகிதம் 2:2 ஆகிறது. பெண் பக்கம் மட்டும் குறையாமல் இருந்தால் 4:1. இரண்டிலும் முளைசூழ்தசை கெட்டு விதை பதராகிவிடும். பல இனங்களில் மும்மடியம் எளிதில் பிறக்காததற்கு இதுவே காரணம். இரு பக்கமும் குறையாமல் வந்தால் மட்டும் 4:2, அதாவது பழையபடி 2:1. விதை தேறும், நான்மடியம் பிறக்கும். கரும்பு மாதிரிச் சில செடிகள் இந்தத் தடையைக் கண்டுகொள்வதில்லை.

இரண்டாவது தடை தனிமை. ஆயிரம் இருமடியங்களுக்கு நடுவே ஒரே ஒரு நான்மடியம் பூத்து நிற்கிறது. காற்றும் வண்டும் கொண்டுவரும் மகரந்தம் எல்லாம் இருமடியத்தினுடையது. கலந்தால் மும்மடியம், அதுவும் பெரும்பாலும் பதர். எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருப்பதே அந்தச் செடியை அழித்துவிடும். தப்பிக்க இரண்டு வழிதான். ஒன்று தன் மகரந்தத்தைத் தானே ஏற்பது. இன்னொன்று விதையை நம்பாமல் வேரிலும் தண்டிலும் கிழங்கிலும் பெருகிக்கொண்டு காலம் தள்ளுவது. மும்மடியமும் காலம் தள்ளினால் வீண்போகாது. அது எப்போதாவது கொடுக்கும் தேறிய கேமீட்டுகளில் ஒன்று இன்னொரு குறையாத கேமீட்டைச் சந்தித்தால் நான்மடியம் பிறந்துவிடும். அதனால்தான் மும்மடியத்தை முட்டுச்சந்து என்று நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. அது பாலமும்கூட.

நம் வயல் வரப்பிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அறுகம்புல்லில் பெரும்பகுதி 36 குரோமோசோம் உள்ள நான்மடியம். கணுவுக்குக் கணு வேர்விட்டுப் போகிறதே, பிடுங்கி எறிந்த துண்டுகூட மறுபடி பிடித்துக்கொள்கிறதே, அதுதான் பன்மடியத்தின் காலம் தள்ளும் திறன். வாய்க்கால்களை அடைத்துக்கொள்ளும் ஆகாயத்தாமரையும் 32 குரோமோசோம் உள்ள நான்மடியம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து, பூவைவிட ஓடுதண்டை நம்பியே இங்கே குடியேறிவிட்டது. அப்புறம் மாடு வைத்திருப்பவர்கள் வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கம்பு 7 கொடுக்கிறது, நேப்பியர் 14 கொடுக்கிறது, 21 வந்து மும்மடியமாகி நிற்கிறது. விதை வைக்காது. விதைக்குப் போக வேண்டிய சத்து இலைக்கும் தண்டுக்கும் போகிறது, நாம் கரணை வெட்டி நட்டுக்கொள்கிறோம். காட்டில் வேரும் ஓடுதண்டும் செய்கிற வேலையை டெல்டாவில் உழவர் கை செய்கிறது. வாழையை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காப்பாற்றி வந்ததும் அந்தக் கைதான்.

இனக்கலப்பும் மடங்கு கூடுதலும் சேர்ந்து நிலைத்த இனங்களுக்கு உதாரணம் அடுக்கினால் முடியாது. சம்பா அறுத்த தரிசில் எம்சியு 7 மாதிரிப் பருத்தி போடுகிறோம். அது 52 குரோமோசோம், பழைய உலகத்துத் தொகுதி ஒன்றும் அமெரிக்கத் தொகுதி ஒன்றும் 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தது. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திக்கு 26 மட்டும். பட்டுக்கோட்டைப் பக்கத்து நிலக்கடலை 40, தென் அமெரிக்காவின் இரண்டு காட்டுக் கடலைகள் சேர்ந்தது. தாளிக்கிற கடுகு 36, ஒரு பெற்றோர் 20, மற்றவர் 16. கோதுமை 42, அதில் மூன்று இனங்களின் தொகுதி.

கண்முன்னே நடந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்தின் கடலோரச் சேற்றுக்குப் போக வேண்டும். ஸ்பார்ட்டினா என்ற உவர்ச்சேற்றுப் புல். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஓர் இனமும் உள்ளூர் இனமும் கலந்து, 1870 வாக்கில் மலட்டுக் கலப்பு ஒன்று தோன்றியது. வேரால் பரவிக்கொண்டே இருந்தது. சுமார் 20 ஆண்டுகளில் அதிலிருந்தே குரோமோசோம் இரட்டித்த வளமான இனம் வந்தது, பெற்றோர் நுழையாத சேற்றிலெல்லாம் நுழைந்தது. நம் பக்கம் கொள்ளிட முகத்துவாரத்தை ஒட்டிய பிச்சாவரத்தில், இரண்டு சுரபுன்னை இனங்கள் கலந்த மரம் ஒன்று இருக்கிறது. ரைசோஃபோரா அண்ணாமலயானா என்று பெயர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 1990-களில் விவரித்தது. மரம் நன்றாக வளர்கிறது, விதைப்பிடிப்பு மிகக் குறைவு. ஸ்பார்ட்டினா தாண்டிய வாசலுக்கு இந்தப் பக்கத்திலேயே நிற்கும் மரம் அது. சுரபுன்னைக்கு வேரால் பரவும் வழியும் கிடையாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் உடம்பால் பெருகுவதன் அருமை புரியும்.

நிலைத்த பன்மடியம் பிறகு என்ன ஆகும்? மெல்ல மெல்ல இருமடியம் போலவே நடந்துகொள்ள ஆரம்பிக்கும். இரட்டை மரபணுக்களில் ஒன்று அழியும், அல்லது புது வேலை எடுத்துக்கொள்ளும். சுத்த இருமடியம் என்று நாம் நினைக்கும் நெல்லிலேயே அந்தத் தழும்பு இருக்கிறது. அதன் 1-ஆம் குரோமோசோமையும் 5-ஆம் குரோமோசோமையும் ஒப்பிட்டால் ஒரே வரிசையில் மரபணுக்கள் நிற்பது தெரியும். புல் குடும்பம் கிளை பிரிவதற்கு முன்பே, பல கோடி ஆண்டுகளுக்கு முன், முழுத் தொகுதியும் ஒரு முறை இரட்டித்ததன் மிச்சம் அது. 2012-இல் வாழையின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது அதன் வழியில் மூன்று பழைய இரட்டிப்புகள் தெரிந்தன. பூக்கும் தாவரங்களில் புது இனம் பிரியும் நிகழ்வுகளில் சுமார் 15 சதவீதத்திலும், பெரணிகளில் சுமார் 31 சதவீதத்திலும் மடங்கு கூடியிருக்கிறது என்று 2009-இல் ஒரு கணக்கு வந்தது. பெரணி என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியாது. ஓஃபியோகிளாசம் என்ற சிறு பெரணியில் சுமார் 1,260 குரோமோசோம் இருப்பதை 1954-இல் எண்ணிச் சொன்னவர்கள் திருவிதாங்கூரில் இருந்த ஆபிரகாமும் நைனானும்.

ஆனால் இதை வைத்துப் பன்மடியம் எப்போதும் வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். புதிதாகத் தோன்றிய பன்மடியங்கள் இருமடியங்களைவிட அதிகமாக அழிகின்றன என்று 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது, அந்த விவாதம் இன்றும் நடக்கிறது. என் கருத்து இதுதான்: பெரும்பாலானவை சீக்கிரம் போய்விடுகின்றன, தப்பிய சில மட்டும் பெரிய பரம்பரைகளாகின்றன. சூழல் குலையும் காலங்களில் அந்தச் சிலவற்றின் பங்கு கூடுகிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டிப் பல தாவரக் குடும்பங்களில் இரட்டிப்பு நடந்ததாகக் கணிக்கிறார்கள். கெட்ட காலத்தில் குறையாத கேமீட்டுகள் கூடுகின்றன என்பதோடு இது நன்றாகவே பொருந்துகிறது.

உடம்பால் மட்டும் பெருகுவதற்கு விலையும் உண்டு. ரஸ்தாளி போட்டு வாடல் நோயில் தோப்பையே இழந்தவர்களைக் கேளுங்கள். எல்லாம் ஒரே செடியின் நகல், ஒன்றைத் தாக்கும் பூஞ்சை எல்லாவற்றையும் தாக்கும். புதுக் கலப்புக்கு விதை வேண்டும், விதையோ கிடைப்பதில்லை. மறுபடி கை கொடுப்பது குறையாத கேமீட்தான். மும்மடிய வாழைக்கு இருமடிய மகரந்தத்தைப் பூசினால், அபூர்வமாகத் தேறும் விதைகளில் சிலவற்றில் தாயின் 33-உம் அப்படியே வந்திருக்கும். தந்தையின் 11 சேர்ந்து 44. ஹோண்டுராசில் உருவான ஃபியா 01 என்ற நான்மடிய வாழை இப்படிப் பிறந்தது. அதன் தாய் நம் பச்சைநாடான், விருப்பாட்சி வகைகளின் குழுவைச் சேர்ந்தது. தாயின் குணம் கலையாமல் முழுசாக வருவதுதான் இந்த வழியின் சிறப்பு. கற்பூரவல்லியில் எப்போதாவது கல் மாதிரி விதை கடிபட்டால் வியாபாரி முகம் சுளிப்பார், வாழை ஆராய்ச்சியாளருக்கு அது மகிழ்ச்சி. திருச்சியில் 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு முறை போய்வாருங்கள்.

நெல்லிலும் இப்போது இந்தக் கேமீட்டை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். மூன்று மரபணுக்களை நிறுத்திவிட்டால் குன்றல் பகுப்பு சாதாரணப் பகுப்பாக மாறி, தாயின் அச்சு நகலான, குறையாத கேமீட்டுகள் வருகின்றன. அப்படியே விட்டால் தலைமுறைக்குத் தலைமுறை மடங்கு ஏறிக்கொண்டே போகும். அதனால் கருவுறாமலேயே முட்டையைக் கருவாக்கும் இன்னொரு மரபணுவையும் முட்டையில் இயங்க வைத்தார்கள். கலிஃபோர்னியாவில் வெங்கடேசன் சுந்தரேசன் குழு 2019-இல் இதை வெளியிட்டது. 2022-இல் ஒட்டு நெல்லில் 95 சதவீதத்துக்கு மேல் நகல் விதை எடுத்தார்கள். இது வயலுக்கு வந்தால், ஒட்டு ரக நெல்லின் வீரியம் அடுத்த பட்டத்தில் சிதறாது. வருஷா வருஷம் விதை வாங்க வேண்டியிராமல், களத்தில் எடுத்த நெல்லையே விதைத்துக்கொள்ளலாம். யார் கைக்கு, என்ன நிபந்தனையோடு வரும் என்பது தனிக் கேள்வி. அது உழவர் கைக்கு வர வேண்டும் என்பதே என் ஆசை.

கடைசியாக, நீங்களே செய்துபார்க்க ஒன்று. நெய்ப்பூவனிலும் பூவனிலும் ஒரே வயதுடைய மரமாக எடுத்து, நுனிக்குருத்திலிருந்து மூன்றாவது இலையின் அடிப்பக்கத்தில், நடுநரம்புக்கும் ஓரத்துக்கும் மத்தியில் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லிசாகத் தடவுங்கள். காய்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 40 மடங்கு லென்சில் இலைத்துளைகளை எண்ணுங்கள். பத்துப் பார்வைப்புலமாவது எண்ணிச் சராசரி எடுங்கள். இருமடியத்தில் துளைகள் நெருக்கமாகவும் சிறிதாகவும், மும்மடியத்தில் பெரிதாகவும் இடைவெளியோடும் இருக்க வேண்டும். இதை ஒரு முதல் சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நிலமும் நீரும் இலைத்துளையை மாற்றும். உறுதி வேண்டுமென்றால் வேர்நுனியை நசுக்கி 22-ஆ 33-ஆ என்று எண்ணத்தான் வேண்டும். வாழைக் குரோமோசோம் மிகச் சிறியது, முதல் சில தகடுகள் சரியாக வராது, விடாமல் போடுங்கள்.